நோய்கள் பல, உடல் ஒன்று

கொரோனாக் காலத்து அரசு அறிக்கைகள் ‘இணைநோய்’ என்ற சொல்லைத் தமிழில் பரவலாக்கின. இறந்தவரின் வயதை அடுத்து நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று அவருடைய இணைநோய்கள் நிரல்படுத்தப்பட்டன. மொழிபெயர்ப்பைப் பணியாகக் கொண்ட எனக்கு அச்சொல்லில் ஒரு நெருடல் உண்டு. இணை என்று ஒன்றைச் சொல்லும்போதே தலைமையானது வேறொன்று இருக்கிறது என்றாகிவிடுகிறது. ஆனால் பத்தாண்டுகளாக நீரிழிவோடும் இரத்த அழுத்தத்தோடும் மூட்டுவலியோடும் வாழும் ஒருவருக்கு இவற்றுள் எது தலைமை, எது இணை? மருத்துவ உலகம் இந்நிலையை ‘மல்டிமார்பிடிட்டி’ என்கிறது. பன்னோய் நிலை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நோயைத் தலைமையாக வைத்து மருத்துவத்தை அமைப்பதா, நோயாளியைத் தலைமையாக வைத்து அமைப்பதா என்ற கேள்வி இதனுள் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஆலைப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி நீரிழிவுக்கு ஒரு மருத்துவரிடமும், இரத்த அழுத்தத்துக்கு வேறொருவரிடமும், முழங்கால் வலிக்கு மூன்றாமவரிடமும் செல்கிறார். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகளோடும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையோடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் சேரும்போது சிறுநீரகம் பழுதுபடக்கூடும். இரத்த அழுத்தமும் ஏறக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தால் நீரிழிவுக்கான மெட்ஃபார்மினைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். மூன்று மருத்துவர்களும் தத்தம் துறையில் சரியாகவே எழுதியிருக்கலாம். மூன்று சீட்டுகளையும் ஒருசேர வைத்துப் படிக்க ஒருவர் இல்லை என்பதே இங்குள்ள கேடு. மருந்துக்கடையில் சீட்டின்றியே வலிநிவாரணி வாங்க முடிகிற நம் நாட்டில் இக்கேடு மேலும் பெருகுகிறது.

இத்தகையோர் சிலர் அல்லர். 2021ஆம் ஆண்டு ஒன்றிய அரசு வெளியிட்ட முதியோர் ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 7.5 கோடிப் பேர் ஏதேனும் ஒரு நாட்பட்ட நோயோடு வாழ்கின்றனர். முதியோரில் 27 விழுக்காட்டினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. முதுமையோடு வருவதுதானே என்று இதனைக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வசதி மிகுந்த பகுதிகளைக் காட்டிலும் மிக வறிய பகுதிகளில் பன்னோய் நிலை 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அதாவது, உடலின் முதுமைக்கும் வர்க்கம் உண்டு.

வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய கம்யூனிஸ்ட் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் இதனை 1971இலேயே ஒரு விதியாக வகுத்தார். மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் பிடி இறுகும்தோறும் இந்த முரண் கூர்மையடைகிறது என்பது அதன் சாரம். அவர் எழுதியதோடு நிற்கவில்லை. நோயாளி தேடி வரட்டும் என்று காத்திராமல், தம் பொறுப்பிலிருந்த மக்களின் இரத்த அழுத்தத்தை முறையாக அளந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். ஒரே மருத்துவர், ஒரே பதிவேடு, விடாத தொடர்பு ஆகியவையே அவர் கையாண்ட முறை.

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். இந்நான்கையும் வைத்து இன்றைய அரசின் கொள்கையை அளந்து பார்க்கலாம்.

நோயாளியின் நிலை என்ன? ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. நான்கு நோய்களுக்கு மருந்து வாங்குவோர் இத்தொகையில் எதை வாங்குவது, எதை விடுவது?

மருத்துவரும் மருந்தும் எங்கே? 2018இல் தொடங்கப்பட்ட பிரதமர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று முழங்குகிறது. 2024இல் அது 70 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அது உள்நோயாளியாகச் சேருவோருக்கான திட்டம். மாதந்தோறும் வெளிநோயாளியாகப் பெறும் ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அதில் இடமில்லை. புண் முற்றி அழுகிய பாதத்தை வெட்டி எடுக்கக் காப்பீடு உண்டு. பாதம் அழுகாமல் காக்கும் மருந்துக்கு இல்லை. மக்களின் பணம் தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்வதற்கு இது நேரான வழி. நாட்பட்ட நோயாளிக்கோ பெரும்பாலும் பயனற்ற வழி. 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக உறுதியளித்தது. 2021-22இல், பெருந்தொற்றின் நடுவிலும், அது 1.84 விழுக்காடே. அவ்வாண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்தனர்.

நான்காம் கூறான பேணுபவர் பெரும்பாலும் பெண்ணே. வீட்டில் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள், ஊதியம் இல்லை. ஊரில் அவர் ஆஷா பணியாளர். 30 வயது கடந்தோரின் நோய் அபாயத்தைப் பதிவு செய்வதும், காசநோயாளியைத் தொடர்வதும், கருவுற்ற பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அவரே. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இவ்விரு நோய்களுக்கும் தனித்தனித் திட்டமும் தனித்தனிப் பதிவேடும் வைத்திருக்கும் அரசு, இரண்டும் ஒரே உடலில் சேர்வதைக் காண இந்தப் பெண்ணின் கண்களையே நம்பியிருக்கிறது. ஆயினும் அவரைத் தன்னார்வலர் என்றே அழைக்கிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் பரிந்துரை இன்னும் செயலுக்கு வரவில்லை.

மாற்று வழி கற்பனை அன்று. 1994இல் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கினால் விலை எவ்வளவு குறையும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. அங்கு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டு சேர்க்கிறது. கேரளத்தின் இடது முன்னணி அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றியது. எல்லாம் நிறைவானவை என்று சொல்வதற்கில்லை. எனினும் திசை சரியானது.

புதிய எய்ம்ஸ் வேண்டும், உயர்சிறப்பு மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கைகள் நியாயமானவை. ஆனால் பன்னோயாளியின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிவாகின்றன. எனவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுப்பேற்கும் நிலையான மருத்துவர், ஒரே பதிவேடு, இடைவிடாத இலவச மருந்து, வெளிநோயாளிச் சிகிச்சைக்குப் பொது நிதி, ஆஷாவுக்குத் தொழிலாளர் தகுதியும் ஊதியமும் என்பன நம் கோரிக்கைகளில் முன்வரிசைக்கு வர வேண்டும். ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர்ப்பலகை மாறிய நிலையங்களில் மருந்தும் மருத்துவரும் இருக்கின்றனரா என்று கிளைத் தோழர்கள் நேரில் சென்று பார்த்துப் பதிவு செய்யலாம். தொழிற்சங்க அலுவலகங்களில் மாதம் ஒருநாள் அமர்ந்து, ஓய்வுபெற்றோர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதித் தரலாம். அத்தாளை ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டினால், மூன்று சீட்டுகளையும் ஒருசேரப் படிக்க வழி பிறக்கும். இது சிறிய பணிதான். ஆனால் ஒருவரின் சிறுநீரகத்தைக் காக்கக்கூடியது. அரசு செய்ய வேண்டியதற்கு இது ஈடாகாது. அரசு செய்யாமல் விட்டது எவ்வளவு என்பதை மக்கள் தம் கையிலுள்ள தாளிலேயே கண்டறிய இது துணைபுரியும். கோரிக்கை மனுவில் கையெழுத்து அதன் பிறகு தானாகவே விழும்.