காணி கிடைத்தது, கிணறு கிடைத்ததா?

ஊருக்குத் திரும்பும் குடும்பம் முதலில் தேடிப் போவது கிணற்றையே. வீட்டுக்குக் கூரை இல்லை, வேலி இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. பற்றைக்குள்ளே கிணற்றுக் கட்டு மட்டும் தெரிகிறது. "எங்கட கிணறு பன்னீர்" என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இரண்டு நாள் இறைத்து, சேற்றை அள்ளி, தண்ணீர் தெளிந்ததும் குடிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்தவர்களின் காணிகள், யுத்தம் முடிந்த 2009 இற்குப் பின்னர் பகுதி பகுதியாக விடப்பட்டு வந்தன. இன்னும் விடப்படாதவையும் உண்டு. இருபது, முப்பது வருடங்கள் கைவிடப்பட்ட கிணறு நாம் விட்டுப்போன தண்ணீரையே எமக்கு வைத்திருக்கும் என்று நம்பலாமா? நம்பக் கூடாது என்பதே எமது கருத்து. தண்ணீரில் உள்ள பழுது எதுவென்று அறியாமல் அதற்கு வைத்தியம் பார்க்கவும் கூடாது.

முகாம்களில் எமக்குச் சொல்லப்பட்ட புத்திமதி, "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்பதாகும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி போன்றவற்றைத் தரும் கிருமிகளுக்கு அது சரியான மருந்து. நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். விறகு இல்லாதவர்கள் தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் வைத்தும் குடிக்கலாம். மப்பு நாட்களில் இரண்டு நாள் வைக்க வேண்டும். ஆனால் கிருமி ஒன்றே பழுது என்று நினைத்துவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் குகையும் ஏராளம். தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும், மாட்டெருவும், மலக்குழியிலிருந்து கசிவதும் நைத்திரேற்றாக மாறி, மழையோடு கீழே இறங்கி, கிணற்றைச் சேர்கின்றன. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. இதைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றும், நைத்திரேற்று வற்றாது, முன்னிலும் செறிவாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமல், உதடும் நகமும் நீலமாகும், உயிருக்கும் ஆபத்து. ஆகவே தாய்ப்பால் கொடுங்கள். அது இயலாத தாய், சோதித்து நல்லதென்று கண்ட தண்ணீரையே பால்மாவுக்கு எடுக்க வேண்டும்.

உவர் வேறொரு பழுது. எமது நன்னீர் கடலின் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. துலாவும் சூத்திரமும் இறைத்த காலத்தில் அது தாங்கியது. இயந்திரம் வைத்து விடிய விடிய இறைக்கும்போது, மேலே ஓரடி தாழ்ந்தால் அடியில் உவர் பல அடி ஏறி வரும். 2004 சுனாமியின் பின்னர் கிழக்குக் கரையில், கடல்நீர் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்த சில இடங்களில் உவர் கூடியதே தவிரக் குறையவில்லை. மழைதான் அதைக் கழுவியது. உவர்க் கிணற்றைக் கொஞ்சமாக இறைத்து, மாரிக்குக் காத்திருப்பதே புத்தி.

வவுனியா, அநுராதபுரம் பக்கங்களில் நிலம் கருங்கற் பாறை. அங்கே சில கிணறுகளில் புளோரைட்டு அதிகம். பிள்ளைகளின் பல்லில் காவி படிவது அதற்கு ஓர் அடையாளம். இதுவும் கொதித்துப் போகாது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அது சுண்ணாம்பு. சவர்க்காரம் நுரைக்காது, அவ்வளவுதான்.

கிணற்றைத் துப்புரவு செய்யும்போது இரண்டு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றியவர்கள் கிணற்றையும் பார்த்தார்களா என்று கேட்டறியாமல் இறங்க வேண்டாம். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவும் வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இனி எமது பங்கைப் பார்ப்போம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 30 மீற்றர் வேண்டும் என்கிறார்கள். இரண்டு பரப்புக் காணியில் மூலைக்கு மூலை அளந்தாலே அதற்குச் சற்றுக் கூடத்தான் வரும். எமது கிணற்றருகே அயலவரின் குழி, அவர் கிணற்றருகே எமது குழி. வெடித்த கல்லில் 30 மீற்றரும் நிச்சயமான காவல் இல்லை. ஆகவே வீட்டுத்திட்டம் வரும்போதே அயலவர் நாலு பேர் கூடி, எங்கே கிணறு, எங்கே குழி என்று பேசித் தீர்க்க வேண்டும். அடியும் பக்கமும் பூசி அடைத்த குழியைக் கேட்டு வாங்க வேண்டும்.

பசளையை விட்டுவிடச் சொல்லவில்லை. 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தபோது விவசாயி பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. வெங்காயத்துக்குத் தேவையானதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு, அளவோடு இறைத்தால் காசும் மிச்சம், கிணறும் மிச்சம்.

மழைநீரையும் நாம் வீணே ஓட விடுகிறோம். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர். சிந்துவதைக் கழித்தாலும் 4,000 லீற்றர் தொட்டிக்கு வரும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எடுக்கும் குடும்பத்துக்கு அது 160 நாளைக்குக் காணும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைச் சேர்த்து, தொட்டியை நுளம்பு புகாமல் மூடி, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். கிடுகுக் கூரைக்கு இது சரிவராது.

எம்மால் இயலாதவையும் உண்டு. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் எந்தக் குடும்பம் எதைக் கொதிக்க வைத்திருக்க முடியும்? அங்கே பொதுநல வழக்குப் போடப்பட்டு, 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் குழாய் வராத வீட்டுக்கும், எல்லாத் தோட்டத்துக்கும் கிணறே கதி.

எனவே நாம் கேட்பது ஒன்று. காணி விடும்போது காணிப் பத்திரத்தோடு கிணற்று நீரின் சோதனை அறிக்கையும் தரப்பட வேண்டும். கிருமி, நைத்திரேற்று, உவர், புளோரைட்டு என்ற நான்கையாவது சோதித்து, தமிழில் எழுதித் தர வேண்டும். குடிக்க உதவாத தண்ணீரென்றால் மாற்று வழி வரும்வரை பவுசரில் தண்ணீர் தருவது அரசின் கடமை. கிணறு சோதிக்காத குடியேற்றத்தை நிறைவான மீள்குடியேற்றமாக நாம் ஏற்க மாட்டோம்.

ஆதியாகமத்தில் ஈசாக்கின் கதை எமக்குத் தெரிந்ததே. தகப்பன் ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்தார்கள். ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான். பின்பு வெட்டிய கிணறுகளுக்கு வழக்கு வந்தபோது, வழக்கில்லாத கிணறு கிடைக்கும்வரை பொறுமையோடு தோண்டினான். எமக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பத்து வீட்டார் சேர்ந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் போய், எமது கிணறுகளைச் சோதித்துத் தாருங்கள் என்று எழுத்திற் கேளுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணற்றை முதலில் எழுதுங்கள்.