அளவீடு எங்கே எழுதப்படுகிறது?

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஒரு தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அதன் வாயிலருகே காற்றில் கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது, வரம்பு 400. விசாரணையும் இழப்பீடும் இப்படிப்பட்ட எண்களின் மேல்தான் நிற்கின்றன.

இத்தகைய எண்களை அளக்கும் கருவிக்கும் சர்வருக்கும் நடுவே இருக்கும் கேட்வே பெட்டியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்பை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் கட்டாயமாக்கியது. அவற்றில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம் மூன்றும் எண்ணூரை ஒட்டிய மணலி–அத்திப்பட்டு வட்டாரத்திலேயே இருக்கின்றன. இத்தகைய பெட்டிகளுக்கு இமேஜ் அடிப்படையிலான இயங்குதளம் நல்ல தேர்வு. யூஎஸ்ஆர் அடைவு படிக்க மட்டுமே, சாதாரணமாக யாரும் அதில் கைவைக்க முடியாது. அப்டேட் சொதப்பினால் பழைய இமேஜுக்குத் திரும்பலாம். ஆனால் எழுத இடம் தேடும் அவசரத்தில், அனுப்பக் காத்திருக்கும் அளவீடுகளின் வரிசையை டெம்ப் அடைவில் போட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு.

டெம்ப் பெரும்பாலும் டெம்ப்எஃப்எஸ், அதாவது ரேம். அலுவலக மேசையில் சோதிக்கும்போது இணைப்பு அறுவதில்லை, வரிசை உடனுக்குடன் காலியாகிறது, குறை தெரிவதில்லை. மிக்ஜாம் போன்ற புயலில் இணைப்பு போய், பின்னாலேயே மின்சாரமும் போனால், இடையில் சேர்ந்த அளவீடு அத்தனையும் போச்சு. புயலே வேண்டாம், இமேஜ் அப்டேட்டுக்கு ஒருமுறை ரீபூட் செய்தாலே போதும். அளவு குறிக்காத டெம்ப்எஃப்எஸ் ரேமில் பாதிவரை வளரும் என்பது தனித் தொல்லை.

வரிசைக்கு உரிய இடம் வார் லிப். யூனிட் கோப்பில் ஸ்டேட்டைரக்டரி என்று ஒரு வரி எழுதினால், சிஸ்டம்டியே அடைவை உருவாக்கி உரிமையும் தந்துவிடும். இமேஜுக்குள் வார் அடைவை நிரப்பி அனுப்பிப் பயனில்லை. ஓஎஸ்ட்ரீ முறையில் அது முதல் நிறுவலோடு சரி, பிந்தைய அப்டேட்கள் அதைத் தொடுவதில்லை. வாருக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள், ஜர்னலுக்கு உச்சவரம்பு வையுங்கள். அளவீட்டை எழுதியதும் எஃப்சிங்க் செய்யுங்கள். உண்மையிலேயே தற்காலிகமானவை ரேமிலேயே கிடக்கட்டும். ஃப்ளாஷ் தேய்மானமாவது குறையும்.

பெட்டியை ஆலைக்கு அனுப்புமுன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு பவர் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி இயக்குங்கள். அந்த ஒரு மணி நேர அளவீடு சர்வருக்கு வந்து சேராவிட்டால், தயவுசெய்து அந்தப் பெட்டியை அனுப்பாதீர்கள்.