இரட்டைக் காப்பு என்னும் மாயை

மேசைக் கணினியில் இரண்டு எஸ்.எஸ்.டி.களை 'ரெயிட்' முறையில் பூட்டிவிட்டால் தரவுகளுக்கு அழிவில்லையாம். நாவிதன்வெளி முதல் ரொறொன்ரோ வரை இதே பேச்சு.

'ரெயிட் 0' வேகத்துக்காகத் தரவைப் பிரித்து எழுதுவது. ஒன்று பழுதானால் முழுவதும் போயிற்று. 'ரெயிட் 1' இரண்டிலும் ஒன்றையே எழுதும்; நீங்கள் தவறுதலாக அழித்ததை இரண்டிலும் அழிக்கும். வைரசுக்கும் அதே உபசாரம்தான். ஒரு தட்டு பழுதானாலும் வேலை தடைப்படாது என்பதே அதன் பயன், அதற்குமேல் எதுவுமில்லை.

இரண்டும் ஒன்றாகச் சாகுமா என்று கேட்பவருக்கு: 32,768 மணிநேரம் இயங்கியதும் தன் எஸ்.எஸ்.டி.களில் சில மாதிரிகள் மென்பொருட் குறையால் செயலிழக்கும் என 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனமே எச்சரித்தது. ஒரே நாளில் பூட்டியவை ஏறத்தாழ ஒரே வேளையில் போகும்.

2004 டிசம்பர் 26இல் கல்முனைக் கரையில் காணி உறுதி, பிறப்புச் சான்று, திருமணப் படம் யாவும் ஒன்றாகவே அலையோடு போயின. அதே அலுமாரியில் இரண்டாம் பிரதி இருந்திருந்தால் மட்டும் தப்பியிருக்குமா?

இரண்டாவது எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, கிட்டங்கித் தாம்போதிக்கு அக்கரையிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துவந்து படியெடுங்கள். மாரியில் வெள்ளம் தாம்போதியை மேவினால் சில நாள் தாமதமாகும், அவ்வளவே.