எதைப் பழகச் சொல்கிறீர்கள்?

தொழிற்பழகுநர் என்பது அரசாங்கத் தமிழ். எங்கள் வளவில் அப்ரண்டீஸ். மின்சாரம், தண்ணீர் என்று ஊருக்குச் சேவை செய்யும் நிறுவனங்களில் பட்டம் முடித்தவன் ஓராண்டு 'பழகலாம்'. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 1973 திருத்தத்தில் பொறியாளர்களை உள்ளே எடுத்தது. 2014 திருத்தத்தில் மற்றப் பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. தமிழ் எம்.ஏ. படித்த நான்கூடப் பழகலாம். எதைப் பழக என்பதுதான் என் கேள்வி.

என் தம்பி பழகினான். எங்கள் அருந்ததியர் வளவில் அவன்தான் முதல் பி.இ. எங்கப்பா அன்னூர் பக்கம் ஒரு பண்ணாடி தோட்டத்தில் மோட்டார் ரூமிலேயே படுத்துக் கிடந்தவர். மும்முனைக் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் எந்திரிச்சு மோட்டார் போடணும். 1990இல் விவசாய மின்சாரம் இலவசமானது. அந்த மோட்டாரைப் போடுகிற கைக்கு மட்டும் கூலி ஏறவில்லை. "அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு எம்பையன் படிக்கோணும்" என்றுதான் அப்பா அவனை மின்னியலில் சேர்த்தார்.

2021இல் ஒரு பொதுச்சேவை நிறுவனத்தில் பழகுநர் இடம் கிடைத்தது. பேர் சொல்லப்போவதில்லை. ஒன்றின் பேரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்றாகிவிடும். முதல் நாளே ஒரு மேலாள் கேட்டார்: "எந்த ஊரு தம்பி?" "அன்னூர் பக்கமுங்க." "ஊருக்குள்ளயா, காலனியா?" அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கூடச் சேர்ந்த பையனுக்குக் கம்ப்யூட்டர், வரைபடம், லோடு கணக்கு. இவனுக்கு ஏணி தூக்குவது, குடோன் கூட்டுவது, டீ வாங்கி வருவது. வருசக் கடைசியில் ரெண்டு பேருக்கும் ஒரே சான்றிதழ். அவனுடைய அப்பாவுக்குக் காண்ட்ராக்டர் லைசென்ஸ் இருந்தது. அடுத்த மாசமே அவன் சைட் இன்ஜினியர். என் தம்பி கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறான். ஊருக்கு வந்தால் பண்ணாடி சொல்லி அனுப்புகிறார்: "கரண்டு படிச்சிருக்கானாமா? நம்ம மோட்டாருக்கு பீஸ் போட வரச்சொல்லு."

இதை ஒரு தொழிற்சங்கத் தோழரிடம் சொன்னேன். "இதுல சாதி எங்க வந்துச்சு? யாருக்குமே வேலை இல்லைதானே" என்றார். தோழரே, வேலை இல்லாமல் காத்திருக்கவும் சொத்து வேண்டும். 2019 விதித் திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்றது. அதில் வாடகை, பஸ், சோறு போக வீட்டுக்கு என்ன மிஞ்சும்? நாலு ஏக்கர் தோட்டம் உள்ளவனுக்கு அது கைச்செலவு. எங்களுக்கு அது ஒரு வருசக் கூலியை இழப்பது. அதற்குப் பிறகும் காத்திரு என்றால் எதைத் தின்று காத்திருப்பது?

சட்டம் என்ன சொல்கிறது? பழகுநர் தொழிலாளி அல்ல என்கிறது 18ஆம் பிரிவு. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்கும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றிருந்தது 22ஆம் பிரிவு. 2014இல் அதைத் திருத்தி, வேலைக்கு எடுப்பது பற்றி முதலாளியே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பழகுநருக்கு முன்னுரிமை கொடு என்று உச்சநீதிமன்றம் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இலேயே சொன்னது. அந்தத் தீர்ப்பு எந்த அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது? பயிற்சி இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு என்கிற 3ஏ பிரிவை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

இன்னொரு பயிற்சியும் பார்த்தோம். 2019இல் மின்வாரியம் 'கேங்மேன் (பயிற்சி)' என்று அறிவித்தது. கல்வித் தகுதி ஐந்தாம் வகுப்பு. கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். 2021இல் 9,000 பேருக்கு மேல் எடுத்தார்கள். அந்தப் பயிற்சிக்குப் பின்னால் வேலை இருந்தது. அதே 2019 நவம்பரில் கோவை மாநகராட்சியின் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 7,000 பேர் வந்தார்கள், பொறியாளர்களும் பட்டதாரிகளுமாக. 'பி.இ. படித்தவர் குப்பை அள்ளவா?' என்று பத்திரிகைகள் பதறின. தலைமுறை தலைமுறையாக எங்கள் சனம் அள்ளியபோது இந்தப் பதற்றம் எங்கே போயிருந்தது? பதறியது வேலையின் இழிவுக்காக அல்ல, அந்த இழிவு தங்கள் வாசலுக்கும் வந்துவிடுமோ என்றுதான்.

கணக்கு இதுதான். குழிக்கும் கம்பத்துக்கும் குப்பைக்கும் ஆள் எடுப்பார்கள். நாற்காலிக்கு வந்தால் மட்டும் 'பழகிவிட்டுப் போ'. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னார். அந்தப் பிரிவினை இன்று சான்றிதழோடு வருகிறது.

இதில் இன்னொரு சூதும் இருக்கிறது. 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வாங்கினோம். உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நிரந்தர இடத்தை நிரப்பாமல் வருசத்துக்கு ஒரு பழகுநரை வைத்து வண்டி ஓட்டினால், மூன்று சதவீதம் எதில்? காலி நாற்காலியிலா?

ஆகவே கேட்கிறோம். நிரந்தர நியமனத்தில் பழகுநருக்கு மதிப்பெண் கொடு. 3ஏ பிரிவைப் பட்டதாரிப் பயிற்சியில் அமல்படுத்தியதற்கு ஆண்டுவாரிக் கணக்குக் காட்டு. பொறியாளனுக்குப் பொறியாளன் வேலையைப் பழக்கு.

மாணவத் தோழர்களே, கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் மனுப் போடுங்கள். எத்தனை பேர் பழகினார்கள், அதில் நம்மவர் எத்தனை, வேலை பெற்றது யார்? பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்த இதழுக்கு அனுப்புங்கள். என் தம்பியின் சான்றிதழ் லேமினேட் செய்து வீட்டுச் சுவரில் தொங்குகிறது. முதல் மனுவோடு அதன் நகலை வைத்து அனுப்பியிருக்கிறேன்.