ஒன்ஸுக்கு துஆ, நம் பிள்ளைக்கு?

நாளை, 2022 ஜூலை 9, பின்னேரம் 6.30க்கு விம்பிள்டன் பெண்கள் இறுதி. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் அரபுப் பெண், துனீசியாவின் ஒன்ஸ் ஜாபிர். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை நம் வட்ஸ்அப் எல்லாம் துஆ. அந்த நேரம் கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே என்று வேறு கவலை.

நல்லது. ஆனால் வலைப்பந்து அணிக்குப் பெயர் கேட்டால் மட்டும், தரம் 8க்குப் பிறகு நம் பெண்பிள்ளைகளை ஏன் நிறுத்திவிடுகிறோம்? தோட்டத்துப் பிள்ளைகள் மழையிலும் பந்து போடுகிறார்கள். நம் பிள்ளைகள் வகுப்பு யன்னலில் நின்று பார்க்கிறார்கள். உடுப்புத்தான் பிரச்சினையென்றால் முழுக்கை, முழுக்கால், பர்தாவோடு விளையாடட்டும். அதற்கும் "ஊர் என்ன சொல்லும்?" அந்த ஊரே நாம்தானே!

ஒன்ஸை மூன்று வயதில் டென்னிஸ் திடலுக்குக் கூட்டிப்போனது அவருடைய உம்மா.

பெருநாள் முடிந்து பாடசாலை திறந்ததும் சம்மதக் கடிதம் திரும்ப வரும். கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.