கையெழுத்தை நம்பிக் கலைந்தவர்கள் கதை



"கோரிக்கையை ஏத்துக்கிட்டோம், கலைஞ்சு போங்க" என்று அதிகாரிகள் சொன்னதும் பாயைச் சுருட்டலாமா? கூடாது என்கிறோம் நாங்கள். ஏன் என்று கேட்பவர்கள் தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று அந்த நாடு ஸ்பெயின் மன்னனுக்கு அடிமை. இங்கிலாந்தோடு சண்டை போட அவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. சண்டை அவனுக்கு, வரி உழவனுக்கு! விற்பனை வரியைக் கூட்டினார்கள். புகையிலை வியாபாரத்தை அரசே வைத்துக்கொண்டு, இன்ன ஊரில்தான் பயிர் செய்யலாம் என்றார்கள். மீறி நட்ட செடியை அழித்தார்கள்.

1781 மார்ச் 16. சொகோரோ ஊரில் சந்தை நாள். ஒட்டியிருந்த வரி உத்தரவை மானுவேலா பெல்த்ரான் என்ற பெண் கிழித்தெறிந்தார். ஊர் ஊராகத் திரண்டார்கள். சுமார் 20,000 பேர் தலைநகர் பொகோட்டாவுக்குப் பக்கத்தில் சிபாகிரா வரை வந்துவிட்டார்கள்.

அரசு நடுங்கியது. பேராயர் சமாதானம் பேச வந்தார். ஜூன் மாதம் ஒப்பந்தம் ஆனது. வரி குறையும், புகையிலைக் கட்டுப்பாடு போகும் என்றார்கள். வேதப் புத்தகத்தின் மேல் சத்தியமும் செய்தார்கள். நம்பி வீட்டுக்குப் போனார்கள் மக்கள்.

நடந்தது என்ன? பயத்தில் போட்ட கையெழுத்து செல்லாது என்று அதிகாரிகள் ரகசியமாக வேறொரு தாளில் எழுதி வைத்திருந்தார்கள்! கூட்டம் கலைந்ததும் படை வந்தது. ஒப்பந்தத்தை வைஸ்ராய் ரத்து செய்தார்.

தலைவர் பெர்பேயோவுக்குப் பதவி கிடைத்தது. எளிய வீட்டுப் பிள்ளை ஹோசே அந்தோனியோ கலான் மட்டும் விடாமல் மறுபடி மக்களைத் திரட்டினார். அவரைப் பிடித்துக் கொடுத்தது யார்? சொகோரோ போராட்டத் தலைவர்களில் ஒருவராக இருந்த சல்வதோர் பிளாத்தா! 1782 பிப்ரவரி 1 அன்று கலானைக் கொன்றார்கள். உடலைத் துண்டாக்கி ஊர்களில் மாட்டினார்கள்.

கால்நடையாய் நடந்து ஜெயித்ததை ஒரு தாளை நம்பித் தோற்றார்கள்.

"பயிர் காயுதே, எத்தனை நாள் உட்கார?" என்பது நியாயமான கேள்விதான். முறை வைத்துப் போய் வாருங்கள். ஆனால் மொத்தமாகக் கலையாதீர்கள். ஒப்பந்தத்தை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள். அமலாகும் தேதியைக் கேளுங்கள். நம் சார்பில் பேசப் போகிறவர் பதவி வாங்கி வந்தால், அது எங்களில் ஒருவராக இருந்தாலும், இறக்கி விடுங்கள்!

கையெழுத்து பாதி வெற்றி! அமலானால்தான் முழு வெற்றி!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்!