எண்ணாயிரஞ் சுற்றும் ஓர் எண்கருவியும்

மின் கிற்றாரின் தந்திகளுக்குக் கீழே பதிக்கப்பட்டிருக்கும் சிறு பெட்டி போன்ற உறுப்பினை வாசகர்கள் கண்டிருப்பர். பிக்கப் என்பது அதன் பெயர். அதனுள்ளே முக்கியமானவை இரண்டே பொருள்கள்: காந்தமும், அதனைச் சூழச் சுற்றப்பட்ட செப்புக் கம்பிச் சுருளும். காந்தத்தின் அருகே உருக்குத் தந்தி அதிரும்பொழுது காந்தப்புலமும் அதனோடு அசைகின்றது. அவ்வசைவினாற் சுருளிலே மின் பிறக்கின்றது. மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டிற் கண்டறிந்த தூண்டல் விதியே இதற்கு ஆதாரம். அவ்விதியைத் தந்தி வாத்தியத்துக்குப் பயன்படுத்திய ஜோர்ஜ் பீச்சம் என்பார் 1937 இல் அமெரிக்காவிலே தமது மின் கிற்றாருக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று மாணவருட் சிலர் பிக்கப்பைக் கடையிலே வாங்காது தாமே சுற்றிப் பார்க்க விரும்புகின்றனர். பாராட்டத்தக்க விருப்பம், பௌதிகப் பாடத்தின் பாதி அச்சிறு சுருளினுள்ளே அடங்கியிருக்கின்றது. பழைய தையல் இயந்திரத்து மோட்டாரொன்று, ஒரு தண்டு, சில பலகைத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு சுற்றும் பொறியை வீட்டிலேயே அமைத்துவிடலாம். ஆனால் மோட்டாரைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் நெடுநேரம் ஆராயும் இளைஞர், சுற்றெண்ணியைப் பற்றி ஈற்றிலேயே நினைக்கின்றனர். கடைக்காரர் கவுண்டர் என்று கூறும் அக்கருவியையே முதலில் தெரிவு செய்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

காரணத்தை எண்களே கூறும். 1950 களிலே பென்டர் கொம்பனியார் செய்த ஸ்ராற்றோகாஸ்ரர் கிற்றாரின் பிக்கப் ஒன்றில் ஏறத்தாழ 7,600 முதல் 8,300 வரை சுற்றுகள் உண்டு. கிப்சன் கொம்பனியாரின் பி-90 எனும் வகையில் 10,000 சுற்றுகள். கம்பியோ தலைமயிரின் பருமனுடையது. அதன் குறுக்களவு 0.063 மில்லிமீற்றர். எண்ணாயிரஞ் சுற்றுக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான கம்பி செல்லும். சுற்றி முடித்தபின் அதனைப் பிரித்து எண்ணுதல் இயலாது. பிரிக்கத் தொடங்கினால் அறுந்துவிடும். ஆகவே உள்ளே எத்தனை சுற்று உண்டென்பதற்கு எண்கருவியின் சாட்சியே ஒரே சாட்சி.

கம்பி வாங்குவோருக்கு இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பிக்கப் பற்றிய அமெரிக்க நூல்கள் 42 ஆம் இலக்கக் கம்பி என்று எழுதும். அது அமெரிக்க அளவு. பிரித்தானிய அளவில் 42 ஆம் இலக்கமென்றால் 0.1 மில்லிமீற்றர், அக்கம்பியில் எண்ணாயிரஞ் சுற்று பொபினுள் அடங்கவே மாட்டாது. பிரித்தானிய அளவில் 46 ஆம் இலக்கமே அதற்கு நெருங்கியது. இலக்கத்தை விடுத்து மில்லிமீற்றரைக் கூறிக் கேட்பதே நன்று.

சுற்றுகள் மிகுந்தால் நேர்வது யாது? பிறக்கும் மின்னழுத்தம் சுற்றுகளின் எண்ணிக்கையோடு நேராக வளரும். சுருளின் தூண்டுதிறனோ எண்ணிக்கையின் வர்க்கத்தோடு வளரும். சுற்றைப் பத்து வீதம் கூட்டினால் தூண்டுதிறன் இருபத்தொரு வீதம் கூடுகின்றது. கிற்றாரிலிருந்து செல்லும் வயரின் கொள்ளளவத்தோடு இத்தூண்டுதிறன் சேர்ந்து எந்த அதிர்வெண்ணிலே ஒலி எடுப்பாக ஒலிக்குமென்பதைத் தீர்மானிப்பதால், அவ்வதிர்வெண் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இறங்கிவிடும். செவிக்கு அது தெரியும்: ஒலி வலுக்கும், கூர்மை மங்கும்.

"மல்ரிமீற்றரால் தடையை அளந்தாற் போதாதா? எண்ணுவானேன்?" என்று மாணவர் கேட்பதுண்டு. அறிவுள்ள கேள்விதான். ஆயினும் போதாது. செம்பின் தடை வெப்பநிலை ஒரு பாகை உயர 0.39 வீதம் உயர்கின்றது. காலையில் 25 பாகையில் 6,000 ஓம் காட்டும் சுருள், நண்பகலில் 33 பாகையில் ஏறத்தாழ 190 ஓம் மிகுதியாகக் காட்டும். இருநூறுக்கு மேற்பட்ட சுற்றுகளின் தடைக்கு அது சமம்! கம்பியை இறுக்கிப் பிடித்தால் அது நீண்டு மெலிந்து தடை மிகும். உருளைக்கு உருளை கம்பியின் பருமனும் சிறிது வேறுபடும். இவற்றுள் எது காரணமென்று தடைமானி கூறாது. மேலும், கம்பியின் உள்முனை தண்டோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கையில் அளப்பதும் எங்ஙனம்?

மற்றொரு சாரார் வேறொரு வாதம் கூறுவர். கிப்சன் கொம்பனியில் சேத் லவர் என்பார் அமைத்து, 1955 இல் விண்ணப்பித்து, 1959 இல் காப்புரிமை பெற்ற ஹம்பக்கர் பிக்கப்பில் இரு சுருள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 5,000 சுற்றுகள். தொடக்க காலத்திலே அத்தொழிற்சாலையில் எண்ணிக்கை கண்டிப்பாகப் பேணப்படவில்லை. அதனால் ஒரு பிக்கப்பின் தடை 7,000 ஓம் அளவிலும் மற்றொன்றின் தடை 9,000 ஓம் அளவிலும் அமைந்தன. இன்று பெரும்பொருள் கொடுத்துத் தேடப்படுபவை அவையே. எனவே எண்ணாமற் சுற்றுவதே அழகு என்பர். நாம் உடன்படோம். அவற்றுள் நன்கு ஒலித்தவை தேடப்படுகின்றன என்பது மெய். ஆனால் நன்கு ஒலித்த ஒன்றை மறுபடி செய்வதற்கு அதிலுள்ள எண்ணிக்கை தெரிதல் வேண்டுமே. எண்ணிச் சுற்றுபவன் விரும்பினால் ஒரு சுருளை வேண்டுமென்றே இருநூறு சுற்று குறைத்துச் சுற்றலாம். எண்ணாதவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். பழைமையானது இலக்கச் சக்கரங்களையுடைய எண்ணி. துவிச்சக்கரவண்டி சென்ற தூரத்தைக் காட்டும் இத்தகைய கருவியைச் செய்வதற்கென்றே கேர்ற்றிஸ் வீடர் என்பார் 1895 இல் அமெரிக்காவிலே ஒரு கொம்பனியை நிறுவினார். இவ்வினத்தில் இரு வகை உண்டு. ஒன்று, நெம்பை ஒருமுறை இழுத்தால் ஒன்று கூடுவது. இது வேகத்துக்கு உதவாது. ஒவ்வொரு சுற்றிலும் தண்டைச் சிறிது உதைக்கும். அவ்வுதை மெல்லிய கம்பியை அறுக்கவும் கூடும். மற்றையது, தண்டோடு சேர்ந்து சுழலும் வகை. கையாற் சுற்றும் பொறிக்கும் மெதுவான மோட்டாருக்கும் இதனிலும் சிறந்ததை நாம் அறியோம். மின்சாரம் வேண்டாம், மின்வெட்டு நேர்ந்தால் எண் அழியாது. 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுகளைக் கண்ட எமது நாட்டவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, தண்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் இது எண்ணைக் குறைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: இவற்றுட் சில தண்டின் ஒரு சுழற்சிக்கு ஒன்றென எண்ணும், வேறு சில பத்தென எண்ணும். கடையிலேயே விரலாற் சுழற்றிப் பார்த்துவிடலாம்.

பழைய ரேப் றெக்கோர்டரிலுள்ள மூன்றிலக்க எண்ணியைக் கழற்றிப் பூட்டுவோரும் உளர். அது தட்டின் சுழற்சியை ஒன்றுக்கொன்றாகக் காட்டுவதன்று; விகிதம் வேறு. நூறு முறை கையாற் சுழற்றி விகிதத்தைக் கண்டுகொண்டாலும், 999 க்குப் பின் மறுபடி பூச்சியமாகும் ஒவ்வொரு முறையும் பென்சிலாற் கோடிட வேண்டும். ஒரு கோட்டை மறந்தால் எல்லாம் போயிற்று.

மாணவர் பெரிதும் விரும்புவது கல்குலேற்றர் முறை. ஒன்றைக் கூட்டிச் சமன் பொத்தானை அழுத்தினால், பின்னர் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒன்று கூடும். சிலவற்றில் கூட்டற் குறியை இருமுறை அழுத்தல் வேண்டும். சமன் பொத்தானின் இரு முனைகளிலும் றீட் சுவிச்சு ஒன்றை இணைத்து, தண்டிலுள்ள தட்டில் சிறு காந்தமொன்றை ஒட்டினால் எண்ணி ஆயத்தம். றீட் சுவிச்சு என்பது கண்ணாடிக் குழலினுள்ளே இரு மெல்லிய உலோக நாக்குகளைக் கொண்டது. காந்தம் அணுகினால் நாக்குகள் ஒன்றையொன்று தொடும். செலவு சொற்பம், ஆக்கமும் இன்பமானது. குறைகளோ பல. நிமிடத்துக்கு 800 சுற்றென்றால் நொடிக்குப் பதின்மூன்று அழுத்தம்; எல்லாக் கல்குலேற்றர்களும் அவ்வேகத்தைத் தாங்கா, இடையிடையே விட்டுவிடும். காந்தம் குழலின் நீளவாக்கிற் கடந்தால் ஒரு சுற்றுக்கு இருமுறை தொடுவதும் உண்டு. சிலநேரம் சும்மா இருந்தாற் கல்குலேற்றர் தானே அணைந்துவிடும். அறுந்த கம்பியைப் பற்றவைத்து நிமிர்வதற்குள் எண் மறைந்துவிடலாம்.

இவற்றிலும் கொடியது, அதற்கு முன்னும் பின்னும் தெரியாமை. எமக்குத் தெரிந்த மாணவனொருவன் ஹம்பக்கருக்கு இரு சுருள் சுற்றினான். முதலாவது தடையின்றி 5,000 இல் முடிந்தது. இரண்டாவதிற் கம்பி மூன்று முறை பொபினின் விளிம்புக்கு வெளியே வழுக்கியது. ஒவ்வொரு முறையும் அறுபது சுற்றுப் பின்னோக்கிக் கழற்றித் திரும்பச் சுற்றினான். கழற்றியதையும் கல்குலேற்றர் கூட்டியே எண்ணியது. ஆகக் காட்டியது 5,000, உள்ளிருந்தது 4,640. இரு சுருள்களும் ஒத்திருந்தாலன்றோ மின்விளக்கு வயர்களிலிருந்து வரும் 50 சுற்று இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்! இரைச்சல் எஞ்சி நின்றது. அவன் காந்தத்தை ஐயுற்றான், பற்றாசை ஐயுற்றான், எண்ணியை மட்டும் ஐயுறவில்லை. அடுத்த கம்பியுருளைக்குப் பணஞ் சேர அவனுக்கு நெடுநாட் சென்றது. கழற்ற நேரிட்டால் எண்ணைத் தாளிற் குறித்து, சுவிச்சின் இணைப்பை நீக்கி, கழற்றும் சுற்றுகளை வாய்விட்டு எண்ணிக் கழித்தல் வேண்டும்.

துவிச்சக்கரவண்டியிற் பூட்டும் சிறு கணினியும் இதே காந்தம், சுவிச்சு ஆகியவற்றால் இயங்குவது. சக்கரத்தின் சுற்றளவு 2,000 மில்லிமீற்றர் என்று அதற்குச் சொல்லிவிட்டால், ஒரு கிலோமீற்றர் 500 சுற்றாகும். எண்ணாயிரஞ் சுற்றுக்கு 16 கிலோமீற்றர் காட்டும். நூறிலொரு கிலோமீற்றர் வரை காட்டுமாயின் ஐந்து சுற்று நுட்பம் கிட்டும். மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரஞ் சுற்றினால் அது தன்னை மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாக எண்ணிக்கொள்ளும்! அவ்வேகத்தை ஏற்கும் கருவியா என்பதை முன்னரே பார்த்துக்கொள்க.

பணமுடையோர் இலத்திரனியல் எண்ணியை வாங்கலாம். அதற்கு றீட் சுவிச்சிலும் ஹோல் உணரி உகந்தது. றீட் சுவிச்சின் நாக்குகள் தொட்டவுடன் சிறிது துள்ளும். மந்தமான கல்குலேற்றர் அதைக் கவனியாது, விரைவான இலத்திரனியல் எண்ணியோ ஒவ்வொரு துள்ளலையும் ஒரு சுற்றாகக் கொள்ளும். ஹோல் உணரியில் அசையும் பாகம் இல்லை, துள்ளலும் இல்லை. குறித்த எண்ணில் மோட்டாரை நிறுத்தும் வசதி வேண்டுமாவென்றால், முதல் ஆண்டில் வேண்டாமென்போம். கம்பியைக் கையால் வழிநடத்துபவனின் கண் எப்படியும் பொபினில் இருக்கவேண்டும்.

எதனை வாங்கினும் பூட்டும் இடம் முக்கியம். மோட்டாரின் தண்டிலன்றிப் பொபின் சுழலும் தண்டிலேயே பூட்டுக. இடையிலுள்ள வார் வழுக்கினால் மோட்டாரின் கணக்கு வேறு, சுருளின் கணக்கு வேறாகும். பொபினிற் காந்தங்கள் முன்னரே பொருத்தப்பட்டிருப்பின், அவை சுவிச்சைத் தூண்டாதவாறு தண்டின் மறுகோடியில் அதனை வைத்தல் நன்று.

பின்னர்ப் பரீட்சை. விலையுயர்ந்த கம்பியைத் தொடுமுன், சாதாரணத் தையல் நூலை வெறும் பொபினில் முழு வேகத்தில் 300 சுற்றுச் சுற்றுக. மோட்டார் முற்றாக நின்றபின் எண்ணை வாசித்துக் குறித்துக்கொண்டு, தண்டைக் கையாற் பின்னோக்கித் திருப்பி நூல் தீரும்வரை எண்ணுக. இரண்டும் ஒத்தால் அவ்வேகத்தில் அக்கருவி நம்பத்தக்கது. ஒவ்வாவிடின் வேகத்தைக் குறைத்து மறுபடி செய்க. கால் மணி நேர வேலை. பக்கத்தில் ஒருவர் இருந்து எண்ணினால் இன்னும் விரைவு.

சுருள் முடிந்ததும் சுற்றின் எண்ணிக்கை, கம்பியின் குறுக்களவு, தடை, அளந்தபோது இருந்த வெப்பநிலை, திகதி ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதிப் பொபினின் அடியில் ஒட்டிவிடுக. சுருளுக்குள் வைக்கும் காந்தக் கோல்களைப் பற்றி மற்றொரு ஞாயிறன்று எழுதுவோம்.